தேர்வில் 46, அட்டையில் 84: மணிலா பள்ளியில் மதிப்பெண் எங்கே போகிறது?

கேள்வி: கணவரின் வேலை காரணமாகக் கடந்த மே மாதம் கோவையிலிருந்து மணிலாவுக்குக் குடிவந்தோம். வீடு மண்டலூயோங்கில். மகன் பக்கத்து நகரமான பசிக்கில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஊரில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வருபவன். இங்கே முதல் காலாண்டுக் கணிதத் தேர்வில் 50க்கு 46 எடுத்தான். வகுப்பிலேயே அதுதான் அதிகம். ஆனால் மதிப்பெண் அட்டையில் கணிதத்துக்கு 84தான் போட்டிருக்கிறார்கள். எழுத்துப் பணியில் 100க்கு 80, பெர்ஃபார்மன்ஸ் டாஸ்க் என்னும் செய்துகாட்டும் பணியில் 50க்கு 31. பிலிப்பினோ மொழியில் 76, சமூக அறிவியலில் 77. குழு வேலையின்போது தலைவி போட்ட கணக்கு தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறான். அதிலிருந்து குழு அரட்டையில் இவன் எழுதினால் யாரும் பதில் போடுவதில்லை. சில பையன்கள் ‘பும்பாய்’ என்று கூப்பிடுகிறார்கள். வகுப்பு ஆசிரியையோ, ‘புரிந்ததா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டுகிறான்’ என்கிறார். நாங்கள் சைவம். மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். கணிதத்துக்கு ட்யூஷன் வைக்கலாம் என்கிறார் கணவர். பன்னாட்டுப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மண்டலூயோங்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கணிதத்துக்கு ட்யூஷன் வேண்டாம். நீங்கள் எழுதிய எண்களை வைத்தே கணவருக்கு இதைக் காட்டிவிடலாம். பிலிப்பைன்ஸ் கல்வித் துறையின் 2015ஆம் ஆண்டு 8ஆம் எண் ஆணைப்படி, கணிதத்திலும் அறிவியலிலும் எழுத்துப் பணிக்கு 40 விழுக்காடு, பெர்ஃபார்மன்ஸ் டாஸ்க்குக்கு 40, காலாண்டுத் தேர்வுக்கு 20. தனியார் பள்ளிகள் கொஞ்சம் மாற்றிக்கொள்வதுண்டு. ஆனால் உங்கள் மகனின் அட்டை இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது.

எழுத்துப் பணியில் 80 விழுக்காடு, அதற்கு 32 புள்ளி. டாஸ்க்கில் 50க்கு 31 என்றால் 62 விழுக்காடு, அதற்கு 24.8. தேர்வில் 92 விழுக்காடு, அதற்கு 18.4. கூட்டினால் 75.2. இந்தத் தொடக்க மதிப்பெண்ணை ஆணையோடு வரும் அட்டவணையில் பார்த்து மாற்றுவார்கள். 74.40 முதல் 75.99 வரை உள்ளவர்களுக்கு 84. அதுதான் அட்டையில் வந்திருக்கிறது.

ட்யூஷன் வைத்து, பையன் அடுத்த தேர்வில் 50க்கு 50 வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 76.8 ஆகும், அட்டையில் 85. ஆக, கூடுவது ஒரே ஒரு மதிப்பெண். தேர்வில் அதே 46ஐ வைத்துக்கொண்டு டாஸ்க்கை மட்டும் 31இலிருந்து 43க்கு உயர்த்தினால் கூட்டுத்தொகை 84.8, அட்டையில் 90. இங்கே ‘வித் ஹானர்ஸ்’ பட்டியலுக்கு மொத்த சராசரி 90 வேண்டும். அந்தப் பட்டியலுக்கு வழி டாஸ்க் பக்கம்தான் இருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். 35 எடுத்தால் தேர்ச்சி என்ற ஊரிலிருந்து வந்தவர்களுக்கு 76 என்பது பரவாயில்லாத மதிப்பெண்ணாகத் தெரியும். இங்கே தேர்ச்சிக்கோடே 75. தொடக்க மதிப்பெண் 60 இருந்தால் அட்டவணை அதை 75 ஆக்கிவிடும். ஆகவே பிலிப்பினோவில் வந்திருக்கும் 76 கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறது, 77ம் அப்படித்தான். நான்கு காலாண்டுகளின் சராசரிதான் ஆண்டு மதிப்பெண். அது ஒன்றிரண்டு பாடங்களில் 75க்குக் கீழே போனால் விடுமுறையில் சிறப்பு வகுப்பு, மூன்று பாடங்களில் போனால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். நீங்கள் 84ஐப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள். கவலைப்பட வேண்டியது மற்ற இரண்டையும் பார்த்துத்தான்.

முதலில் டாஸ்க் எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். இருபடிச் சமன்பாட்டுப் பாடம் நடக்கும்போது, ‘குறிப்பிட்ட பரப்பளவுள்ள தோட்டத்துக்கு வரைபடம் போட்டு வகுப்பில் விளக்குங்கள்’ என்பது போல ஒரு பணி வரும். ஐந்தாறு பேர் கொண்ட குழு. மதிப்பெண் போட ரூப்ரிக் என்ற பட்டியல் ஒன்று இருக்கும். தலைப்புகள் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும் என்றாலும் கணக்கின் துல்லியம், படைப்பின் நேர்த்தி, விளக்கிச் சொல்லும் விதம், குழு ஒத்துழைப்பு, நேரத்துக்கு ஒப்படைத்தல் என்ற வகையில்தான் இருக்கும். நன்றாகப் படிக்கும் நம் பிள்ளைகள் கணக்கைச் சரியாகப் போட்டு நீட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கார்ட்டோலினா அட்டையில் எழுத்து வெட்டி ஒட்டுவதும் மனீலா பேப்பரில் மார்க்கரால் எழுதுவதும் அவர்கள் கண்ணுக்கு வெட்டி வேலை. ஆனால் ரூப்ரிக்கில் துல்லியம் பல தலைப்புகளில் ஒன்றுதான்.

அதோடு, யார் என்ன செய்தார் என்று தலைவி எழுதிக் கொடுக்கும் வழக்கமும் பல வகுப்புகளில் உண்டு. பங்களிப்புக்கு இங்கே ‘அம்பாக்’ என்று பெயர். குழுவுக்காகத் திரட்டும் 20, 50 பெசோவும் அம்பாக், செய்யும் வேலையும் அம்பாக். ‘வலாங் அம்பாக்’, அதாவது ஒன்றும் கொடுக்காதவன் என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அடுத்த குழுவிலும் கூடவே வரும். உங்கள் மகன் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருப்பான். தலைவியின் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த டாஸ்க் அறிவித்த அன்றே ரூப்ரிக்கைப் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். அன்று மாலையே குழு அரட்டையில் அவனாக ஒரு வேலையைக் கேட்டு வாங்க வேண்டும். ‘அகோ நா சா கம்ப்யூட்டேஷன்’ என்று எழுதினால் ‘கணக்குப் பகுதியை நான் பார்த்துக்கிறேன்’ என்று பொருள். அதோடு நிற்காமல், கண்ணில் படும்படியான சின்ன வேலை ஒன்றையும் எடுத்துக்கொள்ளட்டும்: தலைப்பு வெட்டுவது, இரண்டு நிமிடம் பேசுவது, மார்க்கர் வாங்கி வருவது. தன் பங்கை ஒரு நாள் முன்னதாக முடித்துப் படம் அனுப்பிவிட்டு, ‘மாய் கூலங் பா பா?’ – இன்னும் ஏதாவது குறையுதா? – என்று கேட்கட்டும். இந்தக் கேள்விக்கு இங்கே மரியாதை அதிகம். அம்பாக் பணத்தைக் கேட்ட அன்றே கொடுத்துவிட வேண்டும். கணக்குக் கேட்பதானால் கொடுத்த பிறகு கேட்கட்டும்.

சனிக்கிழமை ஒத்திகைக்கு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். நம் பெற்றோர் பலர் அனுப்ப மறுப்பது இங்கேதான், பிள்ளை பின்தங்குவதும் இங்கேதான். யார் வீடு, பெரியவர்கள் இருப்பார்களா, எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று அந்த வீட்டு அம்மாவிடமே கேளுங்கள். பிலிப்பினோப் பெற்றோரும் இதையேதான் கேட்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். போன வீட்டில் தோழனின் அம்மா ‘தீத்தா’, அப்பா ‘தீத்தோ’. பாட்டி தாத்தா இருந்தால் ‘மானோ போ’ என்று சொல்லி, அவர்கள் கையை மெல்லப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்வது வழக்கம். வெளிநாட்டுப் பிள்ளை இதைச் செய்தால் அந்த வீட்டில் அவன் பேர் நிலைத்துவிடும்.

இனி தலைவியின் கணக்கு விஷயம். உங்கள் மகன் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் சபையில் வைத்துச் சொல்லிவிட்டான். ‘ஹியா’ என்று இங்கே ஒரு சொல் உண்டு. வெட்கமும் மானமும் கலந்த சொல் அது. ‘நாலு பேர் முன்னாடி இப்படிப் பண்ணிட்டியே’ என்று நாம் சொல்வதில் இருக்கிற வலிதான் அது. தலைவி சண்டை போட மாட்டாள். பேச்சை நிறுத்திவிடுவாள். அதற்கு ‘தம்போ’ என்று பெயர். வேண்டியவர் மீது கோவித்துக்கொண்டு ஒதுங்கி நின்று, மற்றவர் வந்து சமாதானப்படுத்தட்டும் என்று காத்திருப்பது. தம்போவுக்கு நீண்ட விளக்கக் கடிதம் மருந்தாகாது, ‘நான் சொன்னது சரிதானே’ என்பது விஷமே ஆகும். குழுவில் எழுதாமல் அவளுக்குத் தனியாக ஒரு வரி: ‘அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது, சாரி.’ மறுநாள் பையில் கொஞ்சம் முறுக்கு. ஆறு பேர் குழுவுக்கு ஆளுக்கு இரண்டாவது வரும்படி கட்டிக் கொடுங்கள். சரியான நேரம் பத்து மணி ரீசெஸ்.

அடுத்த முறை பிழையைக் கண்டால் சொல்லாமல் விட வேண்டியதில்லை. சொல்லும் விதம் இருக்கிறது: ‘பாரங் மாய் மாலி யாத்தா தாயோ தித்தோ.’ இங்கே நாம எங்கேயோ தப்பு பண்ணிட்டோமோ என்று தோன்றுகிறது, என்பது இதன் பொருள். ‘பாரங்’ என்றால் ‘போல’, ‘யாத்தா’ என்றால் நம் ஓகார ஐயம். முக்கியமான சொல் ‘தாயோ’. பிலிப்பினோவில் ‘தாயோ’ என்றால் நாம், ‘கமி’ என்றால் நாங்கள். ஆங்கிலத்தை மட்டும் அறிந்து வருபவர்கள் இந்த வேறுபாட்டைப் பிடிக்கத் திணறுவார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இது தாய்ப்பாலோடு வந்தது. தப்பு ‘உன்னது’ ஆகாமல் ‘நம்மது’ ஆகிவிட்டால் தலைவியே அழித்துத் திருத்திவிடுவாள்.

மொழிக்கு வந்துவிட்டதால் ட்யூஷன் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தைப் பிலிப்பினோவுக்குச் செலவிடுங்கள். முதலில் பள்ளியிலேயே வெளிநாட்டு மாணவருக்குத் தனிப் பிலிப்பினோ வகுப்பு உண்டா என்று வகுப்பு ஆசிரியையிடம் கேளுங்கள். தனியார் பள்ளிகள் சிலவற்றில் உண்டு, கேட்காவிட்டால் தானாகச் சொல்ல மாட்டார்கள். இல்லையென்றால் வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், ஒரு கல்லூரி மாணவர் போதும்.

என்ன சொல்லித்தர வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். வினைச்சொல்தான் இந்த மொழியின் முதுகெலும்பு. தமிழில் விகுதி பின்னால் சேரும். இங்கே முன்னால், நடுவில், பின்னால் என்று எங்கும் ஒட்டும். ‘சூலாத்’ என்றால் எழுத்து. அதிலிருந்து ‘சுமூலாத்’, ‘சினூலாத்’, ‘இசூலாத்’, ‘சுலாத்தான்’, ‘மக்சுலாத்’ என்று ஒரு குடும்பமே பிறக்கும். எழுதியவரைப் பற்றிய வாக்கியமா, எழுதப்பட்டதைப் பற்றியதா, யாருக்கு எழுதப்பட்டது என்பதைப் பற்றியதா என்பதை ஒட்டு காட்டிவிடும். நாளுக்கு மூன்று வேர்ச்சொல், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வடிவம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் என்று தனி நோட்டில் எழுதட்டும். அசையழுத்தமும் தேவை: ‘பாசா’ என்று முதலசையை நீட்டினால் படிப்பு, ‘பசா’ என்று கடையசையை அழுத்தினால் ஈரம். ‘நாம்/நாங்கள்’ போலவே ‘நீ/நீங்கள்’ வேறுபாடும் உண்டு. சொல் முதலில் வரும் ங-வும் நமக்குக் கைவந்தது. ‘ஙாயோன்’, அதாவது இப்போது, என்று சொல்ல ஆங்கிலேயப் பிள்ளை தடுமாறுவான். ‘ஙப்போல் வளை’ படித்தவனுக்கு என்ன கஷ்டம்!

சமூக அறிவியலில் 77 வந்ததற்கும் காரணம் மொழியே. அந்தப் பாடத்தை இங்கே பிலிப்பினோவில்தான் நடத்துகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் பொருளாதாரம் வைத்திருந்தால், தொடக்கத்திலேயே ‘ககபூசன்’, ‘ககுலாங்ஙன்’ என்ற இரண்டு சொற்கள் வந்து பிள்ளைகளைக் குழப்பும். முதலாவது, வளம் எப்போதும் அளவுக்குட்பட்டது என்ற நிரந்தரப் பற்றாக்குறை. இரண்டாவது, புயலாலோ பதுக்கலாலோ சில நாள் வரும் தட்டுப்பாடு. அகராதியில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான் இருக்கும், தேர்விலோ வேறுபடுத்தச் சொல்வார்கள். கருத்து அவனுக்குத் தெரிந்ததுதான், சொல்தான் புதிது. ஒவ்வொரு பாடத்துக்கும் பதினைந்து கலைச்சொற்களை, பாடம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே ட்யூஷன் ஆசிரியரோடு தமிழ்ப் பொருளுடன் எழுதிவைத்துக்கொண்டால் வகுப்பில் பாதி சுமை இறங்கிவிடும்.

பிலிப்பினோப் பாடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு வழக்கமாக வருவது ஹோசே ரிசாலின் ‘நோலி மே தாங்ஹேரே’. ரிசாலின் நாவல்களைப் பள்ளிகளில் கற்பிக்க 1956லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். நாவல் நீளமானது, பாத்திரங்கள் ஏராளம். இப்போதே ஆங்கில மொழிபெயர்ப்பில் வாரம் நான்கைந்து அத்தியாயம் படித்துவரட்டும். அது குறுக்குவழி ஆகாது. 1887இல் வெளிவந்த மூல நூல் ஸ்பானிஷ் மொழியில் எழுதப்பட்டது. வகுப்பில் மற்றவர்கள் படிப்பதும் மொழிபெயர்ப்பைத்தான்.

இனி சில சில்லறை விஷயங்கள். சில்லறை என்றாலும் எழுத்துப் பணியில் போன 20 மதிப்பெண்ணில் கொஞ்சம் இங்கேயும் இருக்கலாம். குறும்தேர்வு இங்கே நோட்டில் எழுதுவதில்லை, பேட் பேப்பரில். முழுத்தாள், குறுக்கே பாதி, நெடுக்கே பாதி, கால் தாள் என்று நான்கு அளவு. ‘ஒன்-ஃபோர்த் எடுங்க’ என்று ஆசிரியை சொன்னால் அடுத்த நிமிடம் கேள்வி தொடங்கும். தாளைக் கிழித்துக்கொண்டிருப்பவனுக்கு முதல் இரண்டு கேள்வி போய்விடும். நான்கு அளவிலும் ஒவ்வொரு பேட் வாங்கிப் பையில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள், கேட்டே தீருவார்கள். ‘பஹிங்ஙி’ என்றால் தா, திரும்ப வராது. ‘பஹிராம்’ என்றால் இரவல், திரும்ப வரும். தாளுக்கு ‘பஹிங்ஙி’, பேனாவுக்கு ‘பஹிராம்’. தாளை முகம் சுளிக்காமல் கொடுப்பவனுக்கு நண்பர்கள் கிடைப்பது எளிது. மாதம் ஒரு பேட் கூடுதலாகப் போகும், போகட்டும். ஒப்படைப்புகளுக்குப் பாண்ட் பேப்பர் வாங்கும்போது ‘ஷார்ட்’, ‘லாங்’, ஏ4 என்று மூன்று அளவு இருப்பதையும் கவனிக்க வேண்டும். லாங் என்பது எட்டரைக்குப் பதின்மூன்று அங்குலம். அளவு மாறினால் சில ஆசிரியர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

வகுப்பைப் பெருக்க நாளுக்கு ஒரு குழு உண்டு, அதற்கு ‘கிளீனர்ஸ்’ என்று பெயர். உங்கள் மகனின் பெயர் எந்தக் கிழமையில் இருக்கிறது என்று பாருங்கள். பள்ளி முடிந்ததும் வண்டி காத்திருக்கிறது என்று ஓடிவிட்டால், மற்ற நான்கு பேர் வாயைத் திறக்காமல் மனதில் குறித்துக்கொள்வார்கள். அந்த நாளில் வண்டியைக் கால் மணி நேரம் தாமதமாக அனுப்புங்கள். முற்றத்தைப் பெருக்குவது ‘வாலிஸ் திங்திங்’, அசல் தென்னந்துடைப்பமேதான்.

தலையாட்டும் விஷயம் சுலபமாகத் தீரக்கூடியது. நாம் ‘சரி’ என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். இங்கே அது ‘இல்லை’ போலவோ ‘தெரியவில்லை’ போலவோ தெரியும். இங்குள்ளவர்கள் ‘ஆமாம்’ என்பதற்குப் புருவத்தை ஒருமுறை மேலே தூக்குவார்கள். வாயைத் திறக்கவே மாட்டார்கள். இவன் கேள்வி கேட்டால் புருவம் தூக்கியவனைப் பார்த்து, பதில் சொல்லாமல் முறைக்கிறான் என்று நினைத்திருக்கவும் கூடும். திசை காட்டுவதும் பல வேளைகளில் உதட்டைக் குவித்துத்தான். ஆசிரியையிடம் தலையை ஆட்டாமல் ‘ஓப்போ, மேம்’ – ஆமாம், மேம் – என்று வாயால் சொல்லப் பழகட்டும். நம் பிள்ளைகள் இங்கே ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். வாக்கியத்தோடு மரியாதைக்காகச் சேர்க்கும் சொல் ‘போ’. டீச்சரைப் பார்த்து ‘போ’ என்று எப்படிச் சொல்வது என்று நாக்கு கூசும்! நெடிலாக நீட்டாமல் சட்டென்று ‘பொ’ என்று வெட்டிச் சொல்வதுதான் சரியான உச்சரிப்பு. அப்படிச் சொன்னால் கூச்சமும் குறையும்.

வாய்மொழிப் பதிலுக்கு ‘ரெசிடேஷன்’ என்று பெயர். புகைப்படம் ஒட்டிய இண்டெக்ஸ் அட்டைகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து, வந்த பெயரைக் கூப்பிடும் ஆசிரியர்கள் நிறையப் பேர். எழுந்து நின்று அரைகுறையாகச் சொன்னாலும் ஏதாவது புள்ளி கிடைக்கும், மௌனத்துக்கு எதுவும் இல்லை. அவன் ஆங்கிலம் வேகமாக இருந்தால் தோழர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘நோஸ்பிளீட்!’ என்று சிரிக்கலாம். ஆங்கிலம் கேட்டு மூக்கில் ரத்தம் வருகிறது என்ற பழைய கேலி அது. தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்வது. வேகத்தைக் குறைத்தால் போதும்.

‘பும்பாய்’ அப்படி லேசாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, உடனே தலைமையாசிரியரிடம் போக வேண்டியதும் இல்லை. பம்பாய் என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்து, இந்தியர் எல்லோருக்கும் பொதுவாக ஆன சொல் அது. ஐந்து கொடுத்து ஆறு வாங்கும் ‘ஃபைவ்-சிக்ஸ்’ வட்டிக்காரர்களோடு சேர்ந்துவிட்டது. அடம்பிடிக்கும் குழந்தையை ‘பும்பாய் பிடிச்சிட்டுப் போயிடுவான்’ என்று மிரட்டுவதும் உண்டு. பலர் கெட்ட எண்ணம் இல்லாமலே சொல்வார்கள். இந்த ஊரில் பட்டப்பெயர் இல்லாத மனிதரே கிடையாது. எனவே பையன் தனக்கு ஒரு செல்லப்பெயரைத் தானே வைத்துக்கொண்டு, ‘என்னை இப்படிக் கூப்பிடுங்க’ என்று சிரித்தபடி சொல்லிப் பார்க்கட்டும். பெரும்பாலும் அதோடு தீரும்.

உடல் வாடை, தோல் நிறம், சாப்பாடு என்று கேலி போனாலோ, வேண்டுமென்றே அரட்டைக் குழுவிலிருந்து நீக்கினாலோ அது வேறு கதை. தேதி, சொன்ன சொல், இருந்தவர்கள் பெயர் எழுதிவைத்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேருங்கள். வகுப்பு ஆசிரியைக்கு எழுத்தில் கொடுங்கள். பிறகு வழிகாட்டு ஆலோசகர், அதற்குப் பிறகு முதல்வர். 2013ஆம் ஆண்டு 10627ஆம் எண் சட்டப்படி, கொடுமைப்படுத்தலுக்கு எதிரான எழுத்துபூர்வக் கொள்கை ஒவ்வொரு பள்ளியிலும் இருந்தாக வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்கலாம். பெற்றோர் அரட்டைக் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அங்கே போட்டால் எல்லோரும் அந்தப் பையனின் அம்மாவுக்காக ஹியா பட்டு, உங்களைவிட்டு விலகிவிடுவார்கள்.

சாப்பாட்டு விஷயம். டப்பாவைத் திறந்ததும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ‘காயின் தாயோ’ – சாப்பிடலாம் வாங்க – என்று சொல்வது இங்கே மரியாதை. நாமும் அதைத்தானே செய்கிறோம்? உங்கள் மகன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டால், தனியாக இருக்க விரும்புகிறான் என்று விட்டுவிடுவார்கள். அவனே முதலில் சொல்லட்டும். யாரும் பாய்ந்து எடுக்க மாட்டார்கள், ‘சீகே லாங், சலாமாத்’ என்று நன்றி சொல்லி மறுப்பார்கள், பேச்சு தொடங்கிவிடும்.

கேன்டீனில் வாங்குவதானால் ‘காய்கறி’ என்ற சொல்லை நம்ப வேண்டாம். பினக்பெட்டில் இறால் விழுது, பாசிப்பயறு மொங்கோவில் பன்றி இறைச்சித் துண்டு, சாப்சூயியில் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். ‘இறைச்சி இல்லை’ என்று கேட்டால் மீன் சாஸ் ‘பாத்தீஸ்’ கணக்கில் வராது. ‘வலாங் கர்னே, வலாங் இஸ்தா, வலாங் பாத்தீஸ், வலாங் பகோஓங்’ என்று இறைச்சி, மீன், மீன் சாஸ், இறால் விழுது நான்கையும் சொல்லிக் கேட்க வேண்டும். வாழைப்பழத்தைச் சர்க்கரையோடு பொரித்த பனானா கியூ, தூரோன், இளஞ்சூடான சோயாத் தயிர் போன்ற தஹோ ஆகியவை பொதுவாகப் பயமில்லாதவை. ‘பூத்தோ’ என்ற அரிசிப் பலகாரத்தைப் பார்த்துப் புட்டு என்று மகிழ்ந்துவிடாதீர்கள். மேலே சீஸ், உள்ளே முட்டை இருக்கலாம், அதைத் தொட்டுச் சாப்பிடுவதோ பன்றி ரத்தக் குழம்போடு!

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும்: வீடு ஒரு நகரில், பள்ளி வேறு நகரில் இருப்பதால், புயல் மழைக்கு விடுமுறை விடும்போது பசிக் மேயரின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். மண்டலூயோங்கில் ‘வலாங் பாசோக்’, அதாவது வகுப்பு இல்லை, என்று அறிவித்து, பசிக்கில் பள்ளி நடக்கும் நாளும் வரும்.

பள்ளி மாற்றம் பற்றி. இப்போது வேண்டாம் என்பேன். பன்னாட்டுப் பள்ளியில் பிலிப்பினோ சுமை குறையும், கட்டணம் ஏறும். ஆனால் குழு வேலை அங்கேயும் உண்டு, தலைவியைச் சபையில் திருத்தினால் அங்கேயும் இதே கதைதான். இரண்டாம் காலாண்டு அட்டை வரும்வரை பொறுங்கள். அதில் கணித டாஸ்க் 40ஐத் தாண்டியிருந்து, பிலிப்பினோ 80ஐத் தொட்டிருந்தால் இருக்கட்டும். பிலிப்பினோவும் சமூக அறிவியலும் 75க்குக் கீழே போயிருந்தால், ஆண்டு நடுவில் பிடுங்காமல் ஆண்டு முடிவில் மாற்றலாம். மாறினாலும் ஊருக்கே திரும்பினாலும் உங்கள் கையில் இருக்க வேண்டியவை இரண்டு: ஒவ்வொரு காலாண்டு அட்டையின் நகல், கல்வித் துறை ஒதுக்கிய 12 இலக்க மாணவர் எண். ‘ஃபார்ம் 137’ என்னும் நிரந்தரப் பதிவேட்டைப் பொதுவாகப் பள்ளியே அடுத்த பள்ளிக்கு அனுப்பும். கட்டண பாக்கி இருந்தால் அது வெளியே வரத் தாமதமாகலாம் என்பதால் ஆண்டு முடியும் முன்பே கணக்கை நேர் செய்துவிடுங்கள். சேரும் புதுப் பள்ளி வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கக் குடிவரவு அலுவலகத்தின் அனுமதி பெற்றதா என்பதையும் பணம் கட்டும் முன் கேளுங்கள்.

அதற்குள் அக்டோபர் 5, உலக ஆசிரியர் நாள் வருகிறது. செப்டம்பர் 5இல் தொடங்கும் ஆசிரியர் மாதம் அன்றுதான் முடியும். வகுப்புப் பிள்ளைகள் அம்பாக் திரட்டி, அட்டை செய்து, ஒரு பாட்டுக்கு ஆடவும் தயாராவார்கள். அந்த வேலை தொடங்கும் நாளில் ‘அகோ நா சா லெட்டரிங்’ என்று அரட்டையில் முதல் ஆளாக உங்கள் மகன் எழுதட்டும். கத்தரிக்கோலை நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.